மூங்கில் வில்லா, லாங் போவா, ரிகர்வா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மரபு வில் வாங்க நினைப்பவர்களுக்கு

அமெரிக்கக் காடுகளில் சக்கரமோ கப்பியோ இல்லாத மரவில்லை வைத்துக்கொண்டு மான் வேட்டையாடுகிறவர்களின் வீடியோக்கள் இப்போது நம் பக்கத்திலும் நிறையப் பேர் கைப்பேசியில் ஓடுகின்றன. பார்த்த சூட்டோடு "அந்த மாதிரி வில் ஒன்று வாங்கணும், எதை வாங்கலாம்?" என்ற கேள்வி வருகிறது. கேட்பவர்களில் ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும் உண்டு, பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். பதிலுக்குள் போகும் முன் சட்டத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் எந்த வில் என்பதையே அது ஓரளவு தீர்மானிக்கிறது.

இந்தியாவில் மான் வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமான், கடமான் எதையும் விட்டுவைக்கவில்லை. வேட்டையாட முயல்வதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டையே. அதனால் "அம்பு படவே இல்லை சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆயுதம் என்றால் என்ன என்று அதே சட்டம் அடுக்கும் பட்டியலில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதும் குற்றம். நம் இரண்டு மாவட்டக் காடுகளிலும் 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆகவே அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் சுற்றப் போகும்போது "சும்மா இருக்கட்டும்" என்று வண்டியில் வில்லைப் போட்டுக்கொள்ளாதீர்கள். நிலக்கடலைக் காட்டில் மான் இறங்குகிறது, பன்றி கிளறுகிறது என்பவர்களுக்கும் வில் விடை ஆகாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீட்டு மனு போடுவதுதான் வழி.

அப்படியானால் இங்கே யாருக்கு இந்த வில்? இரண்டு வகை ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், ஃபோம் மானை மரத்தடியில் நிறுத்தி, வேட்டைக்காரனைப் போலவே நடந்து போய் எய்ய விரும்புபவர். இது விளையாட்டாகவே இருக்கிறது. 3டி வில்வித்தை என்பார்கள். மான், பன்றி, கரடி உருவங்களைக் காட்டுப் பாதையில் தூரம் சொல்லாமல் நிறுத்தி வைப்பார்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் 3டி விதிகளில், சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்காரர்களுக்கு அதிகபட்சம் 45 மீட்டர், லாங் போ போன்ற மரபு வில்காரர்களுக்கு 30 மீட்டர். உருவத்தின் மேல் வரைந்திருக்கும் வட்டங்களுக்கு 11, 10, 8 என்று புள்ளி, உடம்பில் வேறெங்கே பட்டாலும் 5. இன்னொருவர், வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர். வேட்டைக்கு உரிமம் தரும் ஊருக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டு இறங்க நினைப்பவர். இருவருக்கும் தேவைப்படும் வில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் கருத்து. காரணம், உண்மையான மான் வில்லிடம் என்ன கேட்கிறதோ அதைத்தான் ஃபோம் மானும் கேட்கிறது.

மான் என்ன கேட்கிறது

என் பெரியம்மா மகன் ஒருவர் விஸ்கான்சினில் இருக்கிறார். வில்லுக்கென்று தனி மான் வேட்டைக் காலத்தை 1934இலேயே தொடங்கிய மாநிலம் அது. அண்ணன், முனை எதிர்ப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில் வைத்திருக்கிறார். ஃபோனில் பேசும்போதெல்லாம் அவர் சொல்வது, "இருபது கஜத்துக்கு அந்தப் பக்கம் மான் நின்னா நான் நாணைத் தொடவே மாட்டேன் தம்பி." கோழைத்தனத்தால் அப்படிச் சொல்லவில்லை. கணக்கு அப்படி.

நல்ல மரபு வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 170 அடி போகும் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரைக் கடக்க அதற்குக் கிட்டத்தட்ட 0.4 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அம்பை முக்கால் மீட்டர் கீழே இழுத்திருக்கும். எய்பவரின் கண்ணும் கையும் பழக்கத்தால் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் 25 மீட்டரில் இருப்பதை 20 என்று நினைத்து விட்டால், அம்பு குறிக்கு 20 செ.மீ.க்கு மேல் கீழே போய்ப் படும். இதே பிசகைக் காம்பவுண்ட் வில்லில் செய்தால், அம்பு நொடிக்கு 300 அடி வேகத்தில் போவதால், 7, 8 செ.மீ.தான் இறங்கும். மானின் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்தான். அமெரிக்காவில் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டை மாட்டிப் பழகுவது இதனால்தான். மரபு வில்லில் ஐந்து மீட்டர் தவறாகக் கணித்தால் மான் சாகாது, காயத்தோடு ஓடி எங்கேயோ கிடக்கும். ஃபோம் மான் என்றால் 10 புள்ளிக்குப் பதில் 5, அல்லது அம்பு வயிற்றுக்குக் கீழே புகுந்து பாறையில் மோதி இரண்டாகும்.

அடுத்து, சத்தம். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. நாண் அதிரும் ஓசை 20 கஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு 0.05 நொடியில் எட்டிவிடும். அம்பு வந்துசேர இன்னும் 0.3 நொடி இருக்கிறது. ஓடுவதற்காக மான் உடம்பைத் தாழ்த்த அந்த அவகாசம் போதும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். ஆகவே வேட்டை வில்லுக்கு வேகத்தைவிட அமைதி முக்கியம். இலக்குப் பலகைக்கு எய்கிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அதனால்தான் ஒலிம்பிக் வில்லின் தரத்தை அளக்கும் அளவுகோலை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

கிட்டே போய் எய்வதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1911இல் கலிபோர்னியாவில் தன் இனத்தில் தனியாக எஞ்சி வெளியுலகுக்கு வந்த இஷி என்ற யாஹி இனத்தவரிடம்தான் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் கற்றார். அமெரிக்காவின் இன்றைய வில் வேட்டைக்கு அங்கேதான் வேர். தூரத்து இலக்குப் பலகையில் இஷி அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. மிருகத்துக்கு அருகே போவதில்தான் அவர் கெட்டிக்காரர். நம் பக்கத்துக் கதை நேர் எதிர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனது என்று கொல்லிமலை ஓரியைப் பாடிவைத்திருக்கிறார்கள். அவருடைய வில்லை முழுதாக இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மூங்கில் வில்

கைக்கு முதலில் எட்டுவது இதுதான், விலையும் குறைவு. நம் நாட்டில் இந்தியன் ரவுண்ட் என்று தனிப் போட்டிப் பிரிவே இருக்கிறது. மூங்கில் வில், குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது, பெரியவர்களுக்கு 30, 50 மீட்டர் தூரங்கள். மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடிய ராஜஸ்தான் பழங்குடி வீரர் லிம்பா ராம் தொடங்கியது மூங்கில் வில்லில்தான். ஆக இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க முடியாது.

இதன் பலம், மன்னிக்காத குணம். பிடியில் அம்புக்கென்று ஆழமாக வெட்டிய இடம் இருக்காது, சிலவற்றில் அம்பு கைவிரல் மேலேயே உட்காரும். விரலை ஒழுங்காக விடாவிட்டால் அம்பு உடனே காட்டிக்கொடுக்கும். ஆறு மாதம் இதில் பழகியவர் வேறு எந்த வில்லை எடுத்தாலும் சுலபமாக உணர்வார்.

பலவீனம், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மூங்கில் நாளாக நாளாக நாண் பக்கமாகவே வளைந்து நின்றுவிடும். முதலில் 30 பவுண்டு காட்டியது கொஞ்ச நாளில் 26 காட்டும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்துச் சோம்பும், சித்திரையில் காய்ந்து விறைக்கும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றியே ஆகவேண்டும். நாண், டாக்ரான் என்ற பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். நீளாத புதுவகை இழைகள் வேகம் தரும்தான், ஆனால் வலுவூட்டாத மூங்கில் முனையை வெட்டிவிடும்.

"நம்ம மலையிலேயே கல்மூங்கில் இருக்கே, நாமே செய்தால் என்ன?" என்பவர்கள் உண்டு. செய்யலாம். கல்மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருப்பதால் வில்லுக்கு ஏற்ற சாதிதான். ஆனால் காட்டில் போய் வெட்டாதீர்கள். பட்டா நிலத்து மூங்கில் 2017 முதல் மரம் என்ற கணக்கில் வராது, அதனால் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு வாங்குவது எளிது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலவு எப்படியோ, மாவுச்சத்து அதிகமுள்ள இளமூங்கிலை வண்டு துளைக்கும் என்பது உண்மை. முற்றிய கழியை வெட்டி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டு, பச்சைத் தோல் பக்கம் இலக்கைப் பார்க்கும்படி வைத்துச் செதுக்க வேண்டும். இழுவிசையைத் தாங்குவது அந்தத் தோல்தான். அதைச் சீவிவிட்டால் வில் முகத்துக்கு நேரே முறியும். முதல் வில்லாக இதைச் செய்யப் போக வேண்டாம். எய்யத் தெரிந்த பிறகு செய்தால்தான் செய்தது சரியா தப்பா என்றே தெரியும்.

லாங் போ

ஆங்கிலேயர்களின் பழைய வில்லின் வழி வந்தது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் மரத்தகடுகளும் கண்ணாடி இழையும் சேர்த்து ஒட்டியவை. 66 முதல் 70 அங்குல நீளம், மெலிந்த கைகள் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் கை என்பார்கள்), நாண் முனையில் மட்டும் தொடும் எளிய வளைவு. எனக்குப் பார்க்கப் பிடித்த வில் இதுதான். கையில் பாரமே தெரியாது. நாண் வில்லின் கையை எங்கும் அறையாததால் ஓசை குறைவு, வேட்டைக்கு இது பெரிய நன்மை. நீளமாக இருப்பதால் இழுக்கும்போது கடைசி அங்குலங்களில் திடீரென்று கனக்காது, விரலும் நசுங்காது.

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? மூன்று காரணம். அதே பவுண்டு உள்ள ரிகர்வைவிட அம்பு வேகம் குறைவு. எய்பவர் கைக்கு வரும் அதிர்ச்சி சற்று அதிகம், கனமான அம்பு போட்டால் அடங்கும். மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. ஒரே துண்டாக ஆறடிக்கு நெருக்கமாக இருக்கும் இதைப் பஸ்ஸில், டூவீலரில் கொண்டுபோவது தலைவலி. தருமபுரி பஸ் நிலையத்தில் கூட்ட நேரத்தில் ஏறிப் பாருங்கள், தெரியும். போதாததற்குப் பவுண்டைக் கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் முழு வில்லையும் மாற்ற வேண்டும். நல்ல லாங் போ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பார்சல் கட்டணத்தோடு சுங்கவரியும் சேரும். உலகப் போட்டி விதிப்படி லாங் போ பிரிவில் மர அம்பு மட்டுமே செல்லும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாறையும் கல்லும் நிறைந்த நம் நிலத்தில் மர அம்பு ஆயுசு குறைவு.

ரிகர்வ், அதிலும் கழற்றும் வகை

முனை எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும் வில். இழுக்கும்போது அந்த வளைவு நிமிர்ந்து கூடுதல் விசையைச் சேமிக்கிறது. அதனால் குட்டையாக இருந்தாலும் வேகம் தருகிறது. 58 முதல் 62 அங்குலம் வரையிலான வேட்டை ரிகர்வுகள் புதருக்குள்ளும், மரத்தின் மேல் கட்டிய பரணிலும் இடிக்காமல் திரும்பும். 1933இல் டெட்ராய்ட்டில் வில் கம்பெனி தொடங்கிய ஃபிரெட் பேர் அமெரிக்காவில் வில் வேட்டையைப் பரப்பியதும் பெரும்பாலும் இந்த வகை வில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

இதில் இரண்டு பிரிவு. ஒரே துண்டாகச் செய்தவை அழகு, ஓசையும் குறைவு. கழற்றும் வகையில் நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் இரண்டு கைகள், திருகால் பூட்டுவது. என் ஓட்டு இரண்டாவதுக்கு. பிடியை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் மாற்றலாம் என்ற ஒரே காரணம் போதும். 25 பவுண்டில் தொடங்கி, உடம்பு பழகியதும் 35, வெளிநாட்டில் வேட்டைக்கு இறங்குகிறீர்கள் என்றால் 45 என்று கைகளை மட்டும் வாங்கலாம். கழற்றினால் சாதாரணப் பையில் அடங்கும். விமானத்தில் போகும்போது இந்த அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. வளைந்த முனையில் நாண் அறைவதால் ஓசை வரும். நாணில் கம்பளி நூல் பந்து போலக் கட்டினாலும், நாணை முறுக்கி, பிடியிலிருந்து அது நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் பெருமளவு அடங்கிவிடும். முனை மெல்லியது என்பதால், காலுக்கிடையில் வைத்து வளைத்து நாண் மாட்டினால் வில்லின் கை முறுக்கிக்கொண்டு பாழாகும். நாண் மாட்டும் கயிறு ஒன்று தனியாக விற்கிறது, வில்லோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அப்புறம் வெயில். ஒட்டிச் செய்த எந்த வில்லையும், லாங் போ உட்பட, ஏப்ரல், மே மாதத்தில் கதவடைத்த காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசை இளகித் தகடு பிரியும். ஓசூர்க் குளிரில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு உறைக்காது, அரூர்க்காரர்களுக்கு உறைக்கும்.

62க்கும் 66க்கும் நடுவில் எந்த நீளம் என்று குழம்பினால், இங்கேயே இருந்து ஃபோம் மானுக்கு எய்யப் போகிறவர் 64, 66 பக்கம் போகலாம். நீளம் கூடினால் விரல் பிசகை வில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பரணில் ஏறப் போகிறவர்களுக்கு 60, 62 போதும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை வில் என்று விற்கும், துருக்கி, மங்கோலியப் பாணி குட்டை வில்கள் கையில் எடுக்க ஆசையாக இருக்கும். ஆனால் அம்பு விரல் மேல் உட்காருவதால் இறகு தோலைக் கிழிக்கும், அதற்கென்று தனிப் பழக்கம் வேண்டும். மானுக்கு முதல் வில்லாக ஒத்துவராது. காம்பவுண்ட் வில்லை, 1960களில் ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற மிசௌரிக்காரர் உருவாக்கினார். முழுதாக இழுத்தபின் கையில் நிற்கும் பாரம் பெரும்பகுதி குறைந்துவிடும். வருடத்தில் ஒரு வாரம்தான் நேரம் கிடைக்கும், ஆனாலும் மானைக் காயப்படுத்தாமல் வீழ்த்த வேண்டும் என்கிறவருக்கு நியாயமான வில் அதுதான். மரபு வில் வைத்திருப்பவர்கள் அதை ஏளனம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு.

எத்தனை பவுண்டு

வில்லின் வகையைவிட இதில்தான் காசு வீணாகிறது. அமெரிக்காவில் மானுக்குப் பல மாநிலங்கள் 35 அல்லது 40 பவுண்டுக்குக் குறையாத வில் வேண்டும் என்கின்றன. அனுபவசாலிகள் 45, 50 வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நேராக 50 பவுண்டு வில் வாங்கினால் என்ன ஆகும்? இழுக்க முடியும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர் இரண்டு, மூன்று முறை சிரித்துக்கொண்டே இழுத்துக் காட்டுவார். நாண் தாடையைத் தொட்டதும் அங்கே நிறுத்தி, முதுகுத் தசையில் தாங்கி, குறியைப் பார்த்துக்கொண்டே விட முடியாது. தாடைக்கு வருவதற்கு முன்பே விரல் தானாக விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவதற்கு வருடங்கள் ஆகும். தோள் வலி தனி.

இன்னொரு நுணுக்கம். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. இரண்டு கைகளையும் விரித்து நடுவிரல் முனையிலிருந்து மறு முனை வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம் கிட்டத்தட்ட வரும். 66 அங்குலம் விரிப்பு என்றால் 26.4தான். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டரை பவுண்டு அளவில் குறையும். அதாவது 40 என்று எழுதிய வில் உங்கள் கையில் 36 பக்கம்தான் இருக்கும். இங்கே பயிற்சிக்கு இது ஒரு பொருட்டல்ல. வெளிநாட்டில் 40 பவுண்டு கட்டாயம் என்ற மாநிலத்துக்குப் போகிறவர் மட்டும் அந்த மாநிலம் எப்படி அளக்கச் சொல்கிறது என்று படித்துவிட்டு வாங்க வேண்டும்.

நன்றாகத் திடமான ஆணுக்கு 25 முதல் 30, பெண்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் 18 முதல் 24 பவுண்டில் தொடங்குவதே நல்லது. ஃபோம் மான் 30 பவுண்டுக்கு மேல் எதையும் கேட்பதில்லை. மனித தர்மம் என்று பார்த்தாலும், கை நடுங்காமல் விட்ட 40 பவுண்டு அம்பு, நடுங்கி விட்ட 55ஐவிட மானுக்குக் குறைந்த வதை.

அம்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

நல்ல வில்லுக்குப் பொருந்தாத அம்பு வைத்து எய்வதைவிட, சுமாரான வில்லுக்குப் பொருந்திய அம்பு மேல். அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கு ஸ்பைன் என்று ஓர் அளவு உண்டு. நாண் விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை, பிடியைச் சுற்றி நெளிந்து போகிறது. தண்டு விறைப்பாக இருந்தால் வலது கைக்காரருக்கு இடது பக்கமும், தொளதொளவென்று இருந்தால் வலது பக்கமும் விலகும். லாங் போ, மூங்கில் வில்களில் பிடி நடுக்கோடு வரை வெட்டப்படாததால் இன்னும் இளக்கமான தண்டு வேண்டும். ரிகர்வில் இருந்த அம்பை லாங் போவில் மாட்டி "வில் சரியில்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரம், கார்பன், அலுமினியம் மூன்றில், கற்கும் காலத்துக்கு நான் சொல்வது கார்பன். நேராகவே இருக்கும், ஈரம் குடிக்காது. பாறையில் பட்டால் மட்டும் கவனம். கையால் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள், கிறீச்சென்ற ஓசையோ கீறலோ இருந்தால் உடைத்து எறிந்துவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாண் அடியில் சிதறி முன்கையில் ஏறும். மரத்துக்கும் இதே சோதனை. அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், சிறுவர்களுக்கு மலிவான வழி. பிடியின் மேலேயே வைத்து எய்யும் வில்லுக்குப் பிளாஸ்டிக் இறகு ஆகாது, தட்டி விலகும். வான்கோழி இறகு வைத்ததே வேண்டும், அது உரசும்போது மடங்கிக்கொடுக்கும். மழையில் நனைந்தால் படுத்துவிடும் என்பது அதன் குறை.

அம்பின் எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன்) இருக்கட்டும். 30 பவுண்டுக்கு 240 முதல் 300. அதற்கும் மிகவும் லேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் மிச்ச விசையெல்லாம் வில்லில் அதிர்ச்சியாகவும் ஓசையாகவும் திரும்பும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது இதன் உச்சம், வில் முறிந்தே போகலாம். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் கையில் எடுத்ததும் செய்வது முதலில் அதைத்தான், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அம்பு முனையில் மாட்டும் கூர்மையான வேட்டை அலகுகளை இங்கே வாங்காதீர்கள். ஃபோமுக்கு அது தேவையில்லை, வனத்துறைச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லவும் முடியாது.

எய்யும் இடம்

30 பவுண்டு வில்லை மேல்நோக்கி விட்டால் அம்பு நூறு மீட்டருக்கு மேல் போகும். ஆகவே மொட்டை மாடி வேண்டாம். தோப்பில் என்றால் இலக்குக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ வேண்டும். பாறை கூடாது, அம்பு துள்ளித் திரும்பும். ஏரிக்கரை நல்ல மேடுதான், ஆனால் கரை மேல் ஆள் நடப்பார், ஆடு போகும். கோணிப்பையில் பழைய துணிகளை இறுக்கமாகத் திணித்துத் தொங்கவிட்டால் மலிவான இலக்கு ஆயிற்று. மான் உருவத்துக்கு, பேக்கிங்குக்கு வரும் தடித்த ஃபோம் தட்டுகளை அடுக்கி ஒட்டி, தோள் உயரம் மூன்றடி பக்கம் வரும்படி வெட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு ஃபோம் மான் வாங்கும் காசுக்கு இரண்டாவது வில்லே வாங்கிவிடலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத் தோப்பு வைத்திருப்பவர்கள், ராகி அறுவடையை ஒட்டி பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இறங்கும் மாதங்களில் அதிகாலைப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

யாருக்கு எது

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் கழற்றும் ரிகர்வ், 64 அங்குலம் பக்கம், 25 அல்லது 30 பவுண்டு கைகள், அதற்குப் பொருந்திய ஆறு கார்பன் அம்புகள், நாண் இழுக்கும் விரலைக் காக்கும் தோல், முன்கைக் காப்பு, நாண் மாட்டும் கயிறு. விலை ஐந்து இலக்கத்தில் வரும். ஓசூரிலிருந்து பெங்களூரு அருகில்தான். முடிந்தால் நேரில் போய் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

அவ்வளவு காசு இப்போது இல்லை, அல்லது இந்த ஆர்வம் நிலைக்குமா என்றே தெரியவில்லை என்பவர் மூங்கில் வில்லில் தொடங்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுவே, போட்டிக்குப் போகும் வழியும் அதில் இருக்கிறது. மாவட்டத்தில் பயிற்சி எங்கே நடக்கிறது என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். லாங் போவை இரண்டாவது வில்லாக வையுங்கள். சொந்தத் தோப்பும், வீட்டிலேயே எய்யும் வசதியும், மர அம்பு செதுக்கும் பொறுமையும் இருப்பவருக்கு அது தரும் சுகம் ரிகர்வில் கிடைக்காது.

வெளிநாடு போகிறவர் இங்கே 30 பவுண்டில் ஒரு வருடம் பழகிவிட்டு, பிடியை மட்டும் எடுத்துப் போய்க் கனமான கைகளை அங்கே வாங்குவது லாபம். அதற்கு முன் போகிற நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் வில் வேட்டைக்கு அனுமதியே கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பல இடங்களில் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் உரிமம். அண்ணனுக்கு அந்த வகுப்பில் முதலில் கற்றுத் தந்ததே எப்போது எய்யக் கூடாது என்பதைத்தானாம்.